ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சனிக்கிழமை விளையாடலாமா?

"ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், மிஸ். சனிக்கிழமை மெட்ச் விளையாடலாம்தானே?" கொழும்பு வெள்ளவத்தையில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. இம்முறை கேட்டவர் ஒரு தாய். பக்கத்தில் பாடசாலை றக்பி அணியில் விளையாடும் பதினாறு வயது மகன். தலையில் அடிபட்டு ஐந்தாம் நாள்.

தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சியில் (concussion) ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும். இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் அது காட்டும். குலுங்கிப்போன மூளைக் கலங்களின் தடுமாற்றத்தைக் காட்டாது. மயங்கி விழவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பெரும்பாலானோர் மயங்குவதில்லை.

பையனைச் சைக்கிள் இயந்திரத்தில் ஏற்றி, தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்றேன். "ஒன்று, மிஸ்." ஆறாம் நிமிடத்திலும் ஒன்றுதான். ஆனால் கை மட்டும் புருவத்துக்கு மேலே போய் டியூப் லைட்டை மறைத்தது. வெளிச்சம் கூசுவதும் அறிகுறிதான். நிறுத்திவிட்டேன். தாயும் அதைக் கவனித்திருக்க வேண்டும். சனிக்கிழமைப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

2019இல் லோர்ட்ஸ் மைதானத்தில் கழுத்தில் பந்து பட்ட அவுஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித், திரும்பி வந்து துடுப்பெடுத்தாடி 92 ஓட்டங்கள் வரை போனார். மறுநாள் காலையில்தான் தலை கனத்தது. மாற்று வீரர் இறங்கினார். அறிகுறி பிந்தியும் வரும்.

இதற்காகப் பிள்ளையை இருட்டறையில் இரண்டு கிழமை கிடத்துவதும் வேண்டாம். அது பழைய வைத்தியம். முதலில் 24–48 மணித்தியாலம் ஓய்வு, கைபேசியும் குறைவாக. பிறகு மெல்ல நடக்கலாம். வலி இரண்டு புள்ளி வரை கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்குப் போதும். காலிமுகத்திடலில் நடப்பதென்றால் காலை ஆறு மணிக்குப் போங்கள். பதினொரு மணி வெயிலில் வலிப்பது அடியாலா வெயிலாலா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

நடை, பிறகு சற்று வேகமான சைக்கிள், தனியாக ஓட்டம் என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அணியோடு சேரும் பயிற்சிக்கு முன்பே அறிகுறிகள் முற்றாகத் தீர்ந்து, டொக்டரின் அனுமதியும் கிடைத்திருக்க வேண்டும். மோதல் பயிற்சி அதற்கும் பிறகு, மெட்ச் கடைசியில். வகுப்பில் முழு நாள் இருக்க முடியாதவனுக்கு மைதானத்தில் வேலை இல்லை.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் என்னிடம் வர வேண்டாம், 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

மூன்றாம் கிழமை அந்தப் பையன் இருபது நிமிடம் மிதித்துவிட்டு, கேட்கும் முன்பே "மூன்று, மிஸ்" என்றான். அரை மணித்தியாலத்தில் அடங்கியது. மறுநாளும் அதே வேகத்தையே கொடுத்தேன்.