நாம் வளர்ந்த தட்பவெப்பமும் குளிரைப் பற்றிய நம் கணிப்பும்

குளிர்காலம் தொடங்கியதும் சிகிச்சைக்கு வருபவர்களின் பேச்சைக் கேட்டாலே, அவர்கள் எத்தகைய தட்பவெப்பத்தில் வளர்ந்தவர்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். வெப்பப் பகுதியில் வளர்ந்தவர், "இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம்" என்பார். கடுங்குளிரில் வளர்ந்தவரோ அதே நாளில் தொப்பியும் கையுறையும் அணிந்து வந்திருப்பார். குளிரோடு பழகியவரே குளிருக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறார்.

இது வெறும் மனப்பதிவு அன்று. 1997-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான யூரோவின்டர் ஆய்வு, ஐரோப்பாவின் பல பகுதி மக்களை ஒப்பிட்டது. வெளியே 7 டிகிரி செல்சியஸ் இருக்கையில், தெற்குப் பின்லாந்து வீடுகளின் கூடத்தில் சராசரியாக 21.7 டிகிரியும் ஏதென்சில் 19.2 டிகிரியும் இருந்தன. வெளியே செல்வோரில் தொப்பி அணிந்தவர்கள் பின்லாந்தில் 72 விழுக்காடு, ஏதென்சில் 13 விழுக்காடு. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் இறப்புகள் கூடிய வேகம் மிதமான குளிர்காலம் கொண்ட ஏதென்சில்தான் வெகு அதிகம். குளிர் நமக்கு ஒரு பொருட்டல்ல என்ற எண்ணமே அங்கே ஆபத்தாகிறது என்று நான் கருதுகிறேன்.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. தோலில் குளிர் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் சற்றே கெட்டியாகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இவையே வழிவிடுகின்றன. தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு இரத்த அழுத்தம் பார்க்க அமர்பவரின் காது மடல்கள் சிவந்தும் விரல் நுனிகள் வெளிறிச் சில்லிட்டும் இருப்பதை அடிக்கடி காண்கிறேன். கோடை முழுவதும் கட்டுக்குள் இருந்த அழுத்தம், அதே மாத்திரையை எடுத்துக்கொண்டும் உயர்ந்திருக்கும். இத்தகையோர் மருந்தளவைத் தாமாக மாற்றாமல், குளிர்காலம் தொடங்கும்போதே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

குளிர்ப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொடர்ந்து குளிரில் இருக்கும் உடலுக்கு நடுக்கம் குறையும். குளிர்கிறது என்ற உணர்வும் மங்கும். ஆனால் உணர்வு மங்கியதால் ஆபத்து விலகிவிடுவதில்லை. முதுமையில் இந்த உணர்வு மேலும் மழுங்குவதால், "எனக்குக் குளிரவில்லை" என்று பெரியவர்கள் சொல்வதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நிலநடுக்கோட்டருகே வளர்ந்தவர்கள் குளிர்காலம் என்றால் குளிரை மட்டுமே எதிர்பார்க்கிறார்கள். பகல் சுருங்குவதை எதிர்பார்ப்பதில்லை. வடக்கே குடியேறியபின் தூக்கமும் பசியும் கூடி, மனம் சோர்ந்தால், அதை ஊர் நினைவு என்றே எண்ணிவிடுகிறார்கள். மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் விவரித்த பருவகால மனச்சோர்வாகவும் அது இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மேகமூட்டமான பகலின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு வலிமையானது என்பதால், காலையில் சிறிது நேரம் வெளியே நடப்பதையே முதலில் பரிந்துரைக்கிறேன்.

வீட்டைப் பொறுத்தவரை, படுக்கையறையில் ஒரு வெப்பமானியை மாட்டி வைத்து, அது காட்டும் அளவையே நம்புங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படலாம்.