காஷ்மீர் பனிக்குப் போகிறீர்களா? காலைக் கவனியுங்கள்

டிசம்பர், ஜனவரியில் காஷ்மீர் போகிற குடும்பங்கள் கிளம்பும் முன் மாத்திரை எழுதி வாங்க என்னிடம் வருவதுண்டு. என்ன உடுத்தப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கனமான ஜெர்கின் வாங்கிட்டோம் டாக்டர்." உள்ளே? காட்டன் பனியன், கீழே ஜீன்ஸ்.

சிக்கல் அங்கேதான். பனியில் ஓடியாடினால் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது கம்பளி தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளாடை), அதன்மேல் ஸ்வெட்டர், அப்புறம் காற்றும் நீரும் புகாத ஜெர்கின் போதும். வியர்க்கிற மாதிரி இருந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். ஜீன்ஸ் அறையிலேயே இருக்கட்டும்.

எனக்குப் பெரிய கவலை கால்தான். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். ரோப் காரில் இரண்டாம் கட்டமும் ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள். அங்கே காற்றும் சேர்ந்து அடிக்கும். வழியில் வாடகைக்குக் கிடைக்கும் ரப்பர் பூட்ஸ் தண்ணீரைத் தடுக்குமே தவிர, குளிரை அவ்வளவாகத் தடுக்காது. உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், முன்பு போட்டவரின் ஈரம் இருந்தால் வேறு கேளுங்கள். மூன்று சாக்ஸைத் திணித்துக்கொண்டு பூட்ஸை மாட்டாதீர்கள். கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். தடித்த கம்பளிச் சாக்ஸ் ஒன்று, பையில் மாற்று ஒன்று. பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். விரல் வீங்கினால் மோதிரமும் மெட்டியும் இறுக்கும், கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இதை அழுத்தியே சொல்வேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் குளிர் தாக்குவதும் தெரியாது, ஹீட்டரோ, காஷ்மீரிகள் குளிர்காய வைத்திருக்கும் காங்ரி என்ற கனல் சட்டியோ சுடுவதும் தெரியாது. தினமும் ராத்திரி வீட்டார் யாராவது விரல் இடுக்கு வரை பார்க்கட்டும்.

விரல் மரத்து, தோல் வெளுத்தோ சாம்பல் பூத்தோ தெரிந்தால் உடனே அறைக்குள் போய்விடுங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். நெருப்பிலும் காட்டாதீர்கள். ஈரச் சாக்ஸைக் கழற்றிவிட்டு, 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் காலை வையுங்கள். சூட்டை மரக்காத கையால் வேறொருவர் பார்க்க வேண்டும். உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.