18 பேர், ஒரு சராசரிக் கோடு

ஒரே ஆட்களைப் பல நாள் அளந்த தரவை ஆளுக்கொரு கோடாகப் போட்டு, மேலே ஒரு சராசரிக் கோடும் போட வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் முதன்முதலாக இப்படி ஒரு வரைபடம் போட்டபோது எனக்குக் கிடைத்தது ரம்பப் பல். தரவு ஒன்றும் சிக்கலானதில்லை. எல்எம்இ4 என்ற தொகுப்போடு கூடவே வரும் தூக்க ஆய்வுத் தரவுதான், 2003இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து எடுத்தது. 18 பேரை இரவில் 3 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு, ஒவ்வொரு நாளும் அவர்களுடைய எதிர்வினை நேரத்தை மில்லிநொடியில் அளந்திருக்கிறார்கள். 0ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை ஆளுக்கு 10 அளவீடு, மொத்தம் 180 வரிசை. கிடை அச்சில் நாள், செங்குத்து அச்சில் நேரம், கோடு போடு என்றேன். போட்டது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செங்குத்துச் சுவர், அந்தச் சுவரிலிருந்து அடுத்த நாள் சுவருக்கு ஒரு சாய்ந்த கோடு. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை.

காரணம் எளிது. ஆரில் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2இல் கோடு போடும் கட்டளையான ஜியோம் லைன், கையில் கிடைத்த புள்ளிகளைக் கிடை அச்சின்படி அடுக்கிவிட்டு ஒன்றையடுத்து ஒன்றாகக் கோர்த்துக்கொண்டே போகும். 0ஆம் நாளில் 18 புள்ளிகள் இருந்தால், அந்த 18ஐயும் கோர்த்து முடித்த பிறகுதான் 1ஆம் நாளுக்கே நகரும். எந்தப் புள்ளி யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும், அதற்குத்தான் குரூப் என்ற அமைப்பு இருக்கிறது. குரூப் என்றால் ஆளின் அடையாள எண் என்று எழுதிவிட்டால், சுவர்கள் மறைந்து 18 தனித்தனிக் கோடுகள் வந்துவிடும்.

இதிலேயே இன்னொரு வம்பு உண்டு. ஹேட்லி விக்கம் 2007இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பு, வரைபடத்தில் வகைப்பெயராக வரும் மாறிகளைப் பார்த்துக் குழுக்களைத் தானாகவே பிரித்துக்கொள்ளும். ஆனால் அடையாள எண்ணை வெறும் எண்ணாகவே வைத்துக்கொண்டு அதை நிறத்துக்குக் கொடுத்தால், 308ஐயும் 309ஐயும் உயரம், எடை மாதிரி ஒரு தொடர் அளவு என்று எடுத்துக்கொண்டு வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை ஒரு படிநிலையைத் தீட்டும், குழு பிரிக்காது. மறுபடியும் ரம்பம், இந்த முறை வண்ணத்தில். இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கும். ஒரே ஒருவருடைய தரவை மட்டும் எடுத்து, நாளை வகைப்பெயராக மாற்றிவிட்டுக் குரூப்பைச் சொல்லாமல் விட்டால், கோடே வராது, குழுவுக்கு ஒரே ஒரு அளவீடுதான் இருக்கிறது, குரூப்பைச் சரிசெய்ய வேண்டுமா என்று ஒரு செய்தி மட்டும் வரும். ஆர் பழகியவர்களில் இந்தச் செய்தியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

தரவு நீள வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரிதாளில் நாம் வழக்கமாக ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு நெடுவரிசை என்று போடுவோம், கண்ணுக்கு அதுதான் வசதி. மென்பொருளுக்கு அளவீட்டுக்கு ஒரு வரிசை வேண்டும்: யார், எந்த நாள், எவ்வளவு. பிவட் லாங்கர் என்ற கட்டளை ஒரே அடியில் மாற்றிக் கொடுத்துவிடும்.

சரி, 18 கோடுகளும் வந்துவிட்டன. முதல் பார்வைக்குச் சிக்கல் விழுந்த நூல்கண்டுதான், ஸ்பகெட்டி பிளாட் என்ற பெயரே அதனால் வந்ததுதான். கோடுகளை மெலிதாக்கி, பாதி ஒளிபுகும்படி வைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆளுக்கு ஒரு குட்டிக் கட்டம் என்று பிரித்துப் போட்டால் இன்னும் தெளிவு, நான் எப்போதும் இதைத்தான் முதலில் செய்வேன். அப்படிப் பார்க்கும்போது 308 என்ற எண்காரர் 250 மில்லிநொடியில் தொடங்கி, 5ஆம் நாளில் 415க்கு ஏறி, 7ஆம் நாளில் திடீரென்று 290க்கு இறங்கி, 9ஆம் நாளில் 466இல் போய் நிற்கிறார். 309 முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 203க்கும் 237க்கும் நடுவில்தான், தூக்கம் போனதே தெரியாதவர் போல. 335 இன்னும் விசித்திரம், நாள் போகப் போக லேசாக வேகம் கூடியிருக்கிறது.

இவர்கள் மீது சராசரியைப் போடுவோம். இங்கேயும் குரூப் காலை வாரும். ஆளின் எண்ணை முதல் வரியிலேயே, முழுப் படத்துக்குமாகக் குரூப் என்று சொல்லியிருந்தால், சராசரிக் கோடு கேட்கும்போதும் ஆளுக்கொரு சராசரியாக 18 கோடுகள் வரும், பழைய கோடுகளின் மேலேயே அச்சுப் பிசகாமல் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் சராசரி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சராசரி அடுக்குக்கு மட்டும் குரூப் சமம் 1 என்று கொடுத்தால் எல்லோரும் ஒரே கும்பல், ஒரே தடித்த கோடு. பைத்தான் மொழியில் படம் வரையும் தொகுப்பான சீபார்ன் இதற்கு நேரெதிர் சுபாவம். அதன் லைன்பிளாட் கேட்காமலேயே சராசரி எடுத்து, அந்தச் சராசரி எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டச் சுற்றிலும் ஒரு நிழற்பட்டையும் போட்டுத் தந்துவிடும். ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் யூனிட்ஸ் என்பதில் ஆளைச் சொல்லி, சராசரி எடுக்கும் எஸ்டிமேட்டரை அணைக்க வேண்டும். படம் அழகாக வந்துவிடுவதால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை.

ஏன் கவலை என்றால், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பேர் ஏதோ ஒரு வித்தையைக் கற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாள் வரை 0 மதிப்பெண், அன்றைக்குச் சட்டென்று பிடிபட்டு 100, அப்புறம் 100லேயே நிற்கிறார்கள். முதலாமவருக்கு 1ஆம் நாள், அடுத்தவருக்கு 2ஆம் நாள், இப்படியே கடைசி ஆளுக்கு 10ஆம் நாள். சராசரி என்ன சொல்லும்? 10, 20, 30 என்று அளவெடுத்து வைத்த ஏணி மாதிரி 100 வரை. படிப்படியாகக் கற்கிறார்கள் என்று எழுதத் தோன்றும். ஆனால் 50 மதிப்பெண்ணில் எந்த ஆளும் எந்த நாளும் இருந்ததே இல்லை! குழுவின் வளைவை வைத்துத் தனியாளின் வளைவை ஊகிப்பதில் இருக்கும் இந்த ஆபத்தை உளவியலாளர் வில்லியம் எஸ்டஸ் 1956இலேயே ஒரு கட்டுரையாக எழுதிவிட்டார்.

வளரும் பிள்ளைகளின் உயரத்திலும் இதே கதைதான். பெர்க்லி வளர்ச்சி ஆய்வின் தரவு ஆரில் கிடைக்கிறது, 54 பெண் பிள்ளைகள், 39 ஆண் பிள்ளைகள், 1 வயதிலிருந்து 18 வயது வரை 31 முறை அளந்த உயரம். ஒவ்வொரு பிள்ளையும் பருவ வயதில் ஒரு கட்டத்தில் கிடுகிடுவென்று வளரும், ஆனால் அந்தக் கட்டம் ஒருவருக்கு 10 வயதில், இன்னொருவருக்கு 13இல். வயதுவாரியாகச் சராசரி எடுத்தால் அந்த வேகத்தின் உச்சி மழுங்கி, அகலமான ஒரு மேடாகிவிடும். சராசரிப் பிள்ளை எந்த நிஜப் பிள்ளையையும் விட நிதானமாக, நீண்ட காலம் வளரும். ஆகவே கிடை அச்சில் வயதைப் போடுவதா, உச்சி வேகம் வந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதைப் படம் வரையும்முன்பே யோசிக்க வேண்டும்.

இனி அந்த நிழற்பட்டை. தூக்கத் தரவில் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு நேர்கோடு பொருத்தினால், நாளுக்குச் சுமார் 10.5 மில்லிநொடி தாமதம் என்று வரும், திட்டப் பிழை, அதாவது அந்த எண் எவ்வளவு முன்பின் ஆடலாம் என்பதன் அளவு, 1.24. ஆளுக்கு ஆள் தொடக்கமும் சாய்வும் மாறலாம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கலப்பு மாடலைப் பொருத்தினாலும் அதே 10.5தான், ஆனால் திட்டப் பிழை 1.55. ஏன் கூடியது? முதல் கணக்கு 180 தனித்தனி ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டது. உண்மையில் இருப்பது 18 பேர், ஒருவருடைய சாய்வு மற்றவருடையதைப் போல இல்லை. ஜிஜிபிளாட்2இல் போக்குக் கோடு பொருத்தும் கட்டளையான ஜியோம் ஸ்மூத் நேர்கோட்டுக்குப் போட்டுத் தரும் பட்டை இந்த முதல் வகையைச் சேர்ந்தது, அதை அப்படியே அறிக்கையில் ஒட்டக் கூடாது.

கலப்பு மாடல் இன்னொரு வேலையும் செய்யும், எனக்கு அதில்தான் சுவாரசியம். 335க்குத் தனியாகக் கோடு பொருத்தினால் சாய்வு நாளுக்கு −2.88. மாடலுக்குள் போனதும் அது −0.28 ஆகிவிடுகிறது. 308க்கு 21.76ஆக இருந்தது 19.67. ஓரத்தில் நிற்பவர்களையெல்லாம் கூட்டத்தின் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. 10 அளவீடுகளை மட்டும் நம்பி ஒரு மனிதர் தூங்காமல் வேகம் கூடுகிறார் என்று சாதிப்பதைவிட, மற்ற 17 பேரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வது நல்லது என்பதுதான் அதன் தர்க்கம். தனிக்கோட்டையும் இழுத்த கோட்டையும் ஒரே கட்டத்தில் இரு நிறத்தில் போட்டுப் பார்த்தால், பக்கம் பக்கமாகப் படித்தும் புரியாதது ஒரு நிமிடத்தில் புரியும்.

நடுவில் விட்டுப்போகிறவர்கள் விஷயமும் இருக்கிறது. ஆரோடு வரும் கோழிக்குஞ்சுத் தரவில் 50 குஞ்சுகள், 4 வகைத் தீவனம், 578 எடைகள். எல்லாம் முழுதாக இருந்தால் 600 இருக்க வேண்டும். 18ஆம் குஞ்சுக்கு 39 கிராம், 35 கிராம் என்று இரண்டே அளவீடு, அப்புறம் பதிவே இல்லை. முதல் தீவனத்தின் சராசரி 20ஆம் நாளில் 170.4 கிராம், 21ஆம் நாளில் 177.8. ஒரே நாளில் 7 கிராமுக்கு மேல் ஏற்றமா? பார்த்தால், 20ஆம் நாளில் 17 குஞ்சுகள், 21இல் 16. காணாமல் போனது 125 கிராம் எடையுள்ள 8ஆம் குஞ்சு. அதை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் 20ஆம் நாள் சராசரி 173.3, ஆக நிஜ ஏற்றம் நாலரை கிராம்தான், மிச்சம் நோஞ்சான் குஞ்சு கணக்கிலிருந்து கழன்றதால் வந்தது. தனிக்கோடுகளைப் போட்டிருந்தால் ஒரு கோடு பாதியில் அறுந்து நிற்பது கண்ணில் பட்டிருக்கும். அதே தரவில் அளவீடுகள் இரண்டு நாளுக்கு ஒருமுறை, கடைசி இடைவெளி மட்டும் ஒரு நாள். நாளை வகைப்பெயராக மாற்றினால் அந்த ஒரு நாளும் இரண்டு நாள் அகலத்துக்கு இழுபட்டு, குஞ்சுகளின் வளர்ச்சி கடைசியில் மந்தப்படுவது போலத் தெரியும்.

தூக்கத் தரவுக்கே திரும்பி வந்தால், நாள்வாரிச் சராசரிகளைப் புள்ளிகளாக வைத்தபோது ஒன்று கண்ணை உறுத்தியது. 0ஆம் நாள் 257, 2ஆம் நாள் 265, ஏறக்குறைய தட்டை. அதன்பிறகு 3இல் 283, அங்கிருந்து ஏறி 9இல் 351. தரவின் உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள்: 0, 1 இரண்டும் பழக்கப்படுத்தும் நாட்கள், 2 அடிப்படை நாள், தூக்கம் குறைத்தது அதற்குப் பிறகு. அந்த 10.5 என்ற சாய்வு தூக்கம் குறைக்காத நாட்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. முதல் இரண்டு நாட்களை வெட்டிவிட்டு, 2ஆம் நாளை 0 என்று மாற்றி எண்ணி, குரூப்பை மறக்காமல் போட்டு, 18 கட்டங்களையும் மறுபடியும் வரைந்தேன்.