ரேகை விழாத விரலுக்கும் அரிசி உண்டு

எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா இருக்கிறார். நாற்பது வருடம் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்த்த கை. வேலையை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது, ஆனாலும் விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்றுதான் இருக்கிறது. போன வருடம் மூன்று மாதம் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பினார். "ரேகை விழல, ஆதார் ஆபீஸ்ல போய்ப் பாருங்க" என்றார் விற்பனையாளர். ஆதார் மையத்தில், "உங்க ஆதார் நல்லாத்தான் இருக்கு, கடையில கேளுங்க" என்றார்கள். தாலுகா ஆபீஸில், "சனிக்கிழமை முகாமுக்கு வாங்க." முகாமுக்குப் போனால், "ஆதாரை அப்டேட் பண்ணிட்டு வாங்க." ஆட்டோவுக்கு அழுத காசுக்கு வெளிக்கடையில் ஒரு சிப்பம் அரிசியே வாங்கியிருக்கலாம்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர்கள், விளாச்சேரியில் பொம்மைக்கு மண் பிசைகிறவர்கள், சிமெண்டுக் கலவையில் கை வைக்கும் சித்தாள்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காக்கள், எல்லோருக்கும் இதே கதைதான். உழைத்துத் தேய்ந்த விரலுக்குத்தான் மெஷின் முதலில் "இல்லை" என்கிறது.

விதியை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ரேகை ஒத்துப்போகாவிட்டால் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரேஷன் அட்டையையும் ஆதாரையும் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பொருளைக் கொடுத்தனுப்ப வேண்டும். மெஷினில் தோற்றுப்போனார் என்பதற்காகத் தகுதியுள்ள ஒருவருக்குச் சேர வேண்டியது நிற்கக் கூடாது என்பது ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தந்த தீர்ப்பிலும் இருக்கிறது. ஆகவே கடையில் கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். "பதிவேட்டில எழுதிக்கிட்டுக் குடுங்க" என்று சொல்லுங்கள். முடியாது என்றால், "முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தருகிற விற்பனையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அப்படிக் கேட்டதும் உள்ளே போய்ப் பதிவேட்டைத் தேடி எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, 'விழல' என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயம் ஒளிந்திருக்கிறது. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைத்தான் மெஷின் பார்க்கிறது. அதை உங்கள் ஆதார் எண்ணில் ஏற்கெனவே இருக்கும் ரேகையோடு ஒப்பிடுகிறது. சர்வர் படுத்துவிட்டாலும் விழல, கண்ணாடியில் அழுக்கு இருந்தாலும் விழல. திரையில் என்ன வருகிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். 300 என்று வந்தால் ரேகை ஒத்துப்போகவில்லை. 330 என்றால் உங்கள் ரேகை பூட்டப்பட்டிருக்கிறது. 811 என்றால் ஆதாரில் உங்கள் ரேகையே இல்லை. எண்ணைக் காட்ட மறுத்தால், ஆதார் இணையதளத்தில் உங்கள் சரிபார்ப்பு வரலாறு ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் எடுத்துக் காட்டுவார்கள்.

300 வந்தால் முதலில் மற்ற விரல்களை வைத்துப் பாருங்கள். பத்து விரலில் எது ஒத்தாலும் போதும். பெரும்பாலான கடைகளில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தாண்டிப் போவதே இல்லை, வரிசை நீளம் என்கிறார்கள். மோதிர விரல் அதிகம் தேயாது, கேட்டு வையுங்கள். ரொம்பக் காய்ந்த விரல் என்றால் லேசாக ஈரத்துணியில் ஒற்றிவிட்டு வைக்கலாம். கருவிழி பார்க்கும் கருவி இப்போது பல கடைகளுக்கு வந்திருக்கிறது, இருந்தும் அது பெட்டியை விட்டு வெளியே வராத கடையும் உண்டு. கேட்டால்தான் எடுப்பார்கள். அட்டையில் பேர் உள்ள வேறு யார் விரல் வைத்தாலும் பொருள் உண்டு. "குடும்பத் தலைவிதான் வரணும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

330 தனிக் கதை. வங்கிக் கணக்கிலிருந்து ரேகையை வைத்துப் பணம் திருடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகள் நல்ல மனதோடு அம்மாவின் ரேகையைப் போனிலேயே பூட்டிவிடுவார்கள். அம்மாவுக்குச் சொல்ல மாட்டார்கள். பூட்டியது நல்லதுதான், ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் நாளில் திறக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக இரண்டு முறை ஆதார் மையத்துக்கு அலைந்து கட்டணமும் கட்டி ரேகையைப் புதுப்பித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பூட்டுத் திறந்ததும் அன்றைக்கே விழுந்தது.

811 பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும். ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் ரேகை இருக்காது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும், பலருக்கு இது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரிய வருகிறது.

ரேகையைப் புதுப்பிக்க ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. கையோடு பேர் திருத்தம், முகவரி மாற்றம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். ஒரு காகிதம் சரியில்லை என்று மொத்தமும் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரேகையை மட்டும் கொடுங்கள். பத்து விரலும், இரண்டு கண்ணும் எடுத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பதிவு எண் உள்ள சீட்டை வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம். 90 நாள் வரை ஆகலாம். அந்த 90 நாளும் சாப்பிடத்தான் வேண்டும், ஆகவே பதிவேட்டில் எழுதி வாங்குவதை நிறுத்தாதீர்கள்.

விரலே இல்லாதவர்களுக்கும், ரேகை முழுதாக அழிந்தவர்களுக்கும் கண்ணை மட்டும் வைத்தே ஆதார் தர வழி இருக்கிறது. "ரேகை இல்லாம பதிவே ஆகாது" என்று சொல்கிறவருக்கு அவருடைய விதி அவருக்கே தெரியவில்லை.

ஓடிபி வைத்து வாங்கலாமே என்பார்கள். சரி, எந்த போனுக்கு வரும்? அப்பத்தாவுக்கு இதில்தான் ஒரு மாதம் போனது. ரேஷன் அட்டையில் ஒரு நம்பர், ஆதாரில் இன்னொரு நம்பர். பொருள் வாங்கிய குறுஞ்செய்தி அட்டையில் உள்ள நம்பருக்கு வரும். ஆதார் ஓடிபியோ ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் போகும். ஆதாரில் இருந்தது திருப்பூருக்குப் போன பேரனின் பழைய நம்பர், அது எப்போதோ செத்துப்போன சிம். முதலில் இரண்டிலும் என்ன நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு அங்கீகாரச் சான்று என்று ஒன்று உண்டு. அவர்களுக்குப் பதிலாக இன்னார் வந்து வாங்கலாம் என்று வட்ட வழங்கல் அலுவலர் தருவது. வழக்கமாக மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமில் இதையும் கேட்கலாம். வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது 70 வயது தாண்டியவர்களுக்கு என்றார்கள். நம் ஆட்கள் வயதை மட்டும் பார்த்துவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வெளியூரில் இருக்கும் மகன் பேர் அதே அட்டையில் கிடந்தால் அது முதியோர் மட்டும் உள்ள அட்டை ஆகாது, வண்டி அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும்.

அந்த மகனால் இன்னொரு தலைவலியும் வரும். முன்னுரிமை அட்டை, அந்த்யோதயா அட்டை வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு தடவை கேஒய்சிக்கு, அதாவது அட்டையில் உள்ளவர் இன்னார்தான் என்று சரிபார்ப்பதற்கு, விரல் வைத்தாக வேண்டும். மாதாமாதம் அம்மா வைக்கும் ரேகை அம்மாவுக்கு மட்டும்தான் கணக்கு. மகன் இதற்காக லீவு போட்டு ஊருக்கு வர வேண்டியதில்லை, அவர் இருக்கும் ஊர் ரேஷன் கடையிலேயே வைக்கலாம்.

ஒன்றை மட்டும் யாரும் செய்யாதீர்கள். "சரக்கு இன்னும் வரல, ரேகையை வச்சுட்டுப் போங்க, அப்புறம் வாங்கிக்கலாம்" என்றால் விரலைக் கொடுக்கக் கூடாது. ரேகை விழுந்துவிட்டால் நீங்கள் வாங்கியதாகக் கணக்கை முடித்துவிடலாம். வீட்டு வாசலுக்கே மெஷினோடு வந்து வங்கிப் பணம் எடுத்துத் தருகிறவரிடமும் கவனம். "விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுத்த கதைகள் உண்டு. முதல் முறைக்கே சீட்டைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வங்கிப் புத்தகத்தில் பதிந்து பாருங்கள்.

போலீஸ் பயம் ஒன்று இருக்கிறது. ஆதாருக்குக் கொடுத்த ரேகை ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்று விரல் வைக்கவே பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காவல் துறையின் கிடங்கு வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் தொடங்கிய நாஃபிஸ் என்ற அமைப்பில் கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள் ரேகையும், குற்றம் நடந்த இடத்தில் எடுத்த ரேகையும் இருக்கும். அங்கே ஒரு ரேகையை லட்சக்கணக்கானவற்றோடு ஒப்பிடுவார்கள். ஆதார் ரேகையை யாருக்கும் தரக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்கில் கைதாகி ரேகை எடுக்கப்பட்டிருந்தால், 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டப்படி அது 75 வருடம் இருக்கும். முன்பு தண்டனை எதுவும் இல்லாமல், வழக்கிலிருந்து விடுதலையானால், நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாதவரை அழிக்க வேண்டும். தானாக அழிந்துவிடும் என்று இருந்துவிடாமல், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு எழுத்தில் கேளுங்கள்.

ரேஷன் புகாருக்கு 1967, ஆதாருக்கு 1947, இரண்டும் போன் எண்கள். போனில் சொன்னால் புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு. எந்தக் கடை, எந்தத் தேதி, திரையில் என்ன எண், என்ன சொல்லித் திருப்பினார்கள், இவ்வளவு போதும், ஒரே பக்கம். அப்பத்தா மனுவில் மூன்று தேதிகளை எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். அந்த வாரமே கடையில் பதிவேடு வந்துவிட்டது. விட்டுப்போன மூன்று மாத அரிசி மட்டும் இன்னும் வரவில்லை, அதற்கு இரண்டாவது மனு போயிருக்கிறது.