கெட்ட கனவும் குவாட்டரும்

"மொதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, மத்ததை அப்புறம் பாக்கலாம்." மனநல சிகிச்சையில ரொம்ப காலமா ஓடிட்டு இருந்த எழுதாத சட்டம் இது, அமெரிக்கா ஆஸ்திரேலியால கூட இதே கதைதான். போர், விபத்து, சின்ன வயசுல நடந்த கொடுமைன்னு ஏதோ ஒண்ணு உள்ள தங்கி பிடிஎஸ்டியா (பழைய அதிர்ச்சி மனசை விடாம துரத்தற நோய்) மாறி, கூடவே குடியும் ஒட்டிக்கிச்சுன்னா அந்த ஆளை இங்க போ அங்க போன்னு அலைய விடுவாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்த குடி அவருக்கு உள்ள என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சா இது எவ்ளோ கஷ்டமான கண்டிஷன்னு புரியும்.

பிடிஎஸ்டில பயத்தை எழுப்பற அமிக்டலாங்கற மூளைப் பகுதி எந்நேரமும் உஷாரா இருக்கும். மூளைத்தண்டுல லோகஸ் செருலியஸ்னு ஒரு குட்டி இடம், உஷார்படுத்தற நார்அட்ரினலின்ங்கற ரசாயனம் அங்கிருந்துதான் மூளை பூரா போகும், அதுவும் சும்மா இருக்காது. லாரில அடிபட்டு பொழச்சவர் தெருவுல யாரோ சடார்னு பிரேக் போட்டா துள்ளி விழறாரு பாருங்க, அது இதுதான். "ஒண்ணும் இல்ல, அது வேற வண்டி"ன்னு அடக்க வேண்டிய முன்மூளையோட பேச்சு அந்த நேரத்துல எடுபடாது.

இப்ப ரெண்டு பெக் உள்ள போகுது. ஆல்கஹால் மூளைய அமைதிப்படுத்தற காபா சிக்னலை ஏத்தி விடும், உசுப்பி விடற குளுட்டமேட்டை, முக்கியமா அந்த சிக்னலை நரம்பு செல்லுல வாங்கற என்எம்டிஏ ரிசப்டரை, அமுக்கிடும். கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடப்பு அடங்கி தூக்கமும் வந்துடும். ஒத்துக்கிட்டுதான் ஆகணும், அந்த ஒரு மணி நேரத்துக்கு இது வேலை செய்யற மருந்து. எட்வர்ட் கான்ட்சியன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் 1985லயே இதைத்தான் எழுதுனாரு, போதையை நெறைய பேர் ஜாலிக்காக இல்ல, தாங்க முடியாத ஒண்ணை சமாளிக்க எடுக்கறாங்கன்னு. இது மட்டுமே முழு கதை இல்ல, பரம்பரை ஜீனும் இருக்கு, குடிச்சிட்டு வண்டி ஓட்டி புதுசா ஒரு விபத்துல மாட்டறதும் இருக்கு.

பிரச்சனை ராத்திரி ரெண்டு மூணு மணிக்குத்தான். தினம் குடிக்கிறவர் மூளை அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கும், காபா மந்தமாகும், குளுட்டமேட் எகிறும். ரத்தத்துல ஆல்கஹால் எறங்கினதும் அமுக்கி வச்சதெல்லாம் ஒரேயடியா கிளம்பும். (பல வருஷமா நெறைய குடிச்சவங்க டாக்டர் இல்லாம திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.) கனவு வர்ற ஆர்இஎம் தூக்கத்தை ராத்திரி முன்பாதில ஆல்கஹால் அமுக்கிடும், பின்பாதில அது கூடுதலா வரும், கெட்ட கனவும் கூடவே வரும். சட்டை நனைஞ்சு, கை நடுங்கி, இதயம் தடதடன்னு அடிக்க எழுந்து உக்காருவாரு. இதுல எது போதை எறங்கறது, எது பழைய பயம்? உடம்புல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால மூளை ஆபத்துன்னே எடுத்துக்கும், கை மறுபடி பாட்டிலுக்குப் போகும். கந்து வட்டிக்கு வாங்குன நிம்மதி இது. வீட்ல இருக்கறவங்களுக்கு "காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டான்"ங்கறது மட்டும்தான் தெரியும்.

இதை விட மோசமான வேலை ஒண்ணு சத்தமில்லாம நடக்குது. பயம் தானா அழியாது, "இப்ப ஆபத்து இல்ல"ன்னு மூளை புதுசா ஒண்ணைக் கத்துக்கணும், அதுக்கு என்எம்டிஏ ரிசப்டர் வேணும். மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹோம்ஸ் குழு 2012ல எலிங்கள வச்சு இதைப் பாத்தாங்க. கொஞ்ச நாள் விட்டு விட்டு ஆல்கஹால் ஆவிய சுவாசிக்க விட்டு, பின்னாடி ஒரு சத்தத்தோட சேத்து லேசா ஷாக் குடுத்து, அப்புறம் ஷாக்கே இல்லாம சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாங்க. சாதாரண எலி போகப்போக "அட சும்மா சத்தம்தான்"னு நடமாட ஆரம்பிச்சிடுச்சு, ஆல்கஹால் பட்ட எலி அப்பவும் உறைஞ்சு போய் நின்னுச்சு. அதோட முன்மூளை நரம்பு செல்லோட வடிவமே மாறியிருந்தது, என்எம்டிஏ வேலையும் கொறஞ்சிருந்தது. பயத்தை அமுக்க குடிக்கறாரு, அந்தக் குடியே பயம் போறதுக்கான வழியை அடைக்குது.

சரி, நார்அட்ரினலினை மாத்திரையால தடுத்தா? பிரசோசின்னு ஒரு பழைய பிபி மாத்திரை, அமெரிக்க மருத்துவர் மர்ரே ராஸ்கிண்ட் 2003ல வியட்நாம் போர்ல இருந்த 10 பேருக்குக் குடுத்தப்ப கெட்ட கனவு நல்லா கொறஞ்சது. 2018ல 304 முன்னாள் வீரர்கள வச்சு பெருசா பண்ணப்ப, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல. சின்ன ஆய்வைப் பாத்து துள்ளிக் குதிக்கக் கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்றது.

பிடிஎஸ்டி, போதை ரெண்டுக்கும் ஒண்ணாவே சிகிச்சை குடுத்தா என்னன்னு சிட்னில ஆய்வாளர் கேத்ரின் மில்ஸ் குழு 103 பேரை வச்சு பாத்தாங்க, 2012ல வெளிவந்தது. போதையை விட்டுட்டு வாங்கன்னு கண்டிஷன் இல்ல. 90 நிமிஷ செஷன் 13. கண்ணை மூடிக்கிட்டு அந்த சம்பவத்தை இப்பவே நடக்கற மாதிரி சத்தமா சொல்லணும், அதை ரெக்கார்ட் பண்ணி வீட்லயும் கேக்கணும், கூடவே போதை ஆசை வந்தா என்ன பண்றதுன்னும் பேசுவாங்க. ரொம்ப நாளா எல்லாருக்கும் இருந்த பயம் என்னன்னா பழசைக் கிளறினா ஆளு தாங்க மாட்டாரு, இன்னும் கூட குடிப்பாருன்னு. ஒன்பது மாசம் கழிச்சுப் பாத்தா, வழக்கமான சிகிச்சைல மட்டும் இருந்தவங்கள விட இவங்களுக்கு பிடிஎஸ்டி கூடுதலா கொறஞ்சிருந்தது. போதை ரெண்டு குழுலயும் கொறஞ்சது, இவங்களுக்குன்னு ஸ்பெஷலா கொறையல, ஆனா பயந்த மாதிரி ஏறவும் இல்ல. இதுல ஒரு குறை, 13 செஷனையும் முடிச்சவங்க கம்மி, பாதில நின்னு போறவங்கள எப்படி இருக்க வைக்கறதுங்கறதுதான் இப்ப பெரிய தலைவலி.