குளியல் தொட்டி வாங்குமுன் கிணற்று நீரைப் பாருங்கள்

அண்மையில் திருகோணமலை நிலாவெளியில் ஒரு வீட்டிலிருந்து குளியல் தொட்டியொன்றைக் கழற்றினோம். வெளிநாட்டிலிருக்கும் மகன் விடுமுறையில் வந்தபோது ஆசையாய் வாங்கிப் பூட்டிக் கொடுத்தது. நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மேலே பால் வெள்ளை. நீர் வெளியேறும் துளையின் ஓரத்தில் மட்டும் பயறளவு எனாமல் பெயர்ந்து, அங்கிருந்து கபில நிறக் கோடொன்று இறங்கியிருந்தது. கவிழ்த்ததும் துளையைச் சுற்றியிருந்த தகடு விரல் பட்டவுடன் உதிர்ந்தது. "இரும்பு, காலத்துக்கும் நிற்கும் என்றுதானே தம்பி சொன்னார்கள்" என்றார் அந்த ஐயா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு. பூச்சில் காயம் படாதவரை தகட்டுக்குக் கேடில்லை. குழாய்ச் சாவி ஒன்று கைதவறி விழுந்து சிறு சில்லுப் பெயர்ந்தாலும் போதும், உவர் நீரும் உப்புக் காற்றும் அந்த வழியே உள்ளே இறங்கிவிடும். உப்பிலுள்ள குளோரைட்டு துருவை விரைவுபடுத்தும். அதனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்கு அருகே வீடு கட்டுபவர்களுக்கு எனாமல் தகட்டுத் தொட்டியை நான் பரிந்துரைப்பதில்லை.

தகட்டைவிடத் தடித்த வார்ப்பிரும்புத் தொட்டியின் பெருமை அது சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருப்பது. குளிர் நாட்டுக்கு அது பெரிய வசதி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில்கூட வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு வருகிற நமக்கு அது எத்தனை நாள் பயன்படும்? ஆனால் அதன் பாரம் எந்நாளும் கொங்கிரீட்டின்மேல் இருக்கும். கணக்கைப் பாருங்கள்: தொட்டி ஏறத்தாழ 150 கிலோ, 200 லீற்றர் நீர் 200 கிலோ, குளிப்பவர் 70 கிலோ. மொத்தம் 420 கிலோ, ஒன்றேகால் சதுர மீற்றர் இடத்தில். வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கே கணக்கிடுகிறார்கள். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த 30 கிலோத் தொட்டியும், நீர் நிறைந்து ஆளும் இறங்கினால் அந்த அளவைத் தாண்டும். மேல் மாடியில் வைப்பதென்றால் எந்தத் தொட்டியானாலும் பொறியியலாளரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

நம் ஊருக்கு என் தெரிவு நல்ல அக்ரிலிக். துருப்பிடிக்காது, உடம்புக்குச் சில்லிடாது, சிறு கீறல்களைத் தேய்த்து மெருகேற்றிவிடலாம். வெறும் பைபர்கிளாஸ் தொட்டி விலை குறைந்தது. அதன் மேற்பூச்சு மெல்லியது, சில காலத்தில் மங்கி மயிரிழை வெடிப்பு விடும். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். எனவே தொட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் கண்ணாடி நார்ப்பூச்சு எல்லா இடமும் தடிப்பாகப் படிந்திருக்கிறதா, பலகை வைத்து வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு நிமிர்த்தி, நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து எழும்பினால் அதை வாங்க வேண்டாம்.

கிணற்று நீர் கடினமானதென்றால் எந்தத் தொட்டியிலும் வெள்ளைப் படிவு வரும். அதற்குக் கழிப்பறை அசிட்டை ஊற்றுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். எனாமலின் மினுக்கத்தை அது தின்றுவிடும். அதோடு பிளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. நீர் கலந்த வினாகிரியைத் துணியில் நனைத்துத் துடைத்து உடனே கழுவினாலே போதும். அக்ரிலிக்கில் அசிற்றோனும் இரும்பு நாரும் படவே கூடாது.

பூட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கால்களில் மட்டும் நிறுத்திவிடாமல், தயாரிப்பாளரின் குறிப்பு அனுமதித்தால் அடியில் சீமெந்துச் சாந்து படுக்கை போடச் சொல்லுங்கள். சுவரோரம் இடைவெளியை அடைக்கும் சிலிக்கன் பசையைப் பூசுமுன் தொட்டியை நிரப்ப வேண்டும். வெறும் தொட்டியில் பூசினால், முதல் குளிப்பிலேயே பாரத்தில் தொட்டி இறங்கி இடைவெளி திறந்துவிடும். நீர் சுவருக்குள் போவது மாதக்கணக்கில் தெரியாது. நிரப்பிய நீரைச் சிலிக்கன் நன்றாகக் காய்ந்த பிறகு, மறுநாள் திறந்துவிடுங்கள்.