குமரி மாவட்டத்தில் வீடு கட்ட சுயசான்று அனுமதி: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டியதும் வீட்டுக்கான அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டியே யாரும் இடம் பார்க்க வரமாட்டார்கள். பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஆனால் அளவெல்லாம் சரி என்று உறுதி கொடுப்பது நீங்கள்தான். அது தப்பென்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், அப்போது கான்கிரீட் போட்டு முடித்திருப்பீர்கள்.

திட்டம் அறிவித்தபோது வைத்த வரம்பு: மனை 2,500 சதுர அடி, கட்டடம் 3,500 சதுர அடி, முதல் மாடி வரை, உயரம் 7 மீட்டர். குடியிருப்புக்கு மட்டும். முன்பக்கம் ஒரு கடை அறை வைத்தாலும் இந்த வழி பொருந்தாது.

நம் மாவட்டத்தில் மனையைச் சென்ட்டில்தான் பேசுவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்றால் 2,178, கவலையில்லை. ஐந்தே முக்கால் சென்ட் 2,504 சதுர அடியைத் தாண்டுகிறது. வெறும் 5 சதுர அடியில் வரம்புக்கு வெளியே போய்விடும். பட்டாவில் 2.32 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) வரைதான் உள்ளே. பத்திரத்தில் ஒரு அளவும் பட்டாவில் வேறு அளவும் இருந்தால் முதலில் சர்வேயரை வைத்து அளந்து, புலப்படத்தோடு (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஒத்துப்பார்த்துவிடுங்கள்.

உயரம்தான் பலரும் கவனிக்காத இடம். 7 மீட்டர் என்பது 23 அடிக்குச் சற்றுக் குறைவு. தரைக்கு மேல் பேஸ்மென்ட் 2½ அடி, இரண்டு தளமும் உள்ளுக்குள் 10 அடி, ஸ்லாப் 5 அங்குலம் வீதம் இரண்டு என்று கூட்டினால் 23 அடி 4 அங்குலம். தாண்டிவிட்டது. பேஸ்மென்ட்டைக் குறைக்காதீர்கள், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. இரண்டு தளத்திலும் உள் உயரத்தை 9½ அடியாக்குங்கள், மாடித் தரையில் ஓடு பதித்தாலும் 22½ அடியில் நிற்கும். பிளான் வரைபவரிடம் ஒரு வெட்டுப்படம் (வீட்டைக் குறுக்கே வெட்டியதுபோல் உயரங்களைக் காட்டும் படம்) கேட்டு, இந்தக் கூட்டலை நீங்களே ஒருமுறை போட்டுப்பாருங்கள்.

முன்பக்க இடைவெளி, 9 மீட்டர் வரையுள்ள சாலையென்றால் 1.5 மீட்டர். இதைத் தார் ரோட்டின் ஓரத்திலிருந்து அளக்கக்கூடாது, மனையின் எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் பிளானில் காட்டினால் போதாது, கட்டவும் வேண்டும்.

மனையின் நிலையையும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20 வரை பத்திரம் பதிந்த மனையென்றால் வரன்முறைப்படுத்திய உத்தரவு கையில் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். மலையடிவாரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் வரும். குளத்தையோ சானலையோ ஒட்டிய மனைக்கு அ-பதிவேட்டில் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) புறம்போக்கு எல்லை எங்கே முடிகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடங்களில் உடனடி அனுமதியை நம்பி வானம் தோண்ட வேண்டாம்.

பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, பிளான், மனையின் போட்டோ இவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள். நாகர்கோவில் மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ, உங்கள் மனை எதில் வருகிறது என்பதைப் பொறுத்துச் சதுர அடிக் கட்டணம் மாறும். கட்டணம் கட்டுவது இணையதளத்தில்தான், கையில் ரொக்கமாகக் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள்.

ஓடு மாற்றுவது, பூச்சு, வெள்ளையடிப்பு போன்ற மராமத்துக்கு அனுமதி வேண்டாம். ஓட்டுக் கூரையைக் கழற்றிக் கான்கிரீட் போடுவது மராமத்தில் சேராது.

விதிமீறல் என்று நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 57 வேலையை நிறுத்தச் சொல்வது, 56 அகற்றச் சொல்வது. இரண்டையும் எதிர்த்து 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். குறித்த நாள் தவறினால் சீல் வைக்கலாம். 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தராமல் இடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலைப் புறம்போக்கில் கட்டியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அனுமதி உத்தரவையும் பிளானையும் ஒரு நகல் எடுத்து வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.